கிழங்கு ஏறின வழி

போன புரட்டாசிக் கடைசியில ஒரு நாள் ராத்திரி. வாழைக்குத் தண்ணி கட்டி முடிச்சு, மோட்டாரை நிறுத்திட்டு வந்து திண்ணையில உக்காந்தேன். கோத்தகிரியில இருந்து போன்.

"அண்ணா, மேக்காட்டையும் கீழ்க்காட்டையும் சேர்த்தே கொடுத்துடலாம்னு தம்பி சொல்றான். ஆள் வந்து அளந்து பார்த்துட்டும் போயாச்சு. காட்டேஜ் கட்டறாங்களாம். நீங்க ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போயிருங்க. அப்புறமா வந்தா பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

பேசினது கவுடர். வயசுல என்னை விட ரெண்டு மூணு வருஷம் சின்னவர்தான். ஆனா எங்கப்பா அவங்கப்பாவை 'கவுடரே'ன்னு கூப்பிடறதைக் கேட்டே வளந்ததால எனக்கும் அவர் கவுடர்தான். படகர் சமூகம். எங்கப்பா 1960கள்ல ஒரு உருளைக்கிழங்கு லாரியில கிளீனரா இருந்து, அப்புறம் டிரைவர் ஆனவர். கோத்தகிரி பக்கத்துக் காடுகள்ல மூட்டை ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டியில இறக்கறது அவர் வேலை. திரும்பி ஏறும்போது அரிசி, உப்பு, வெல்லம். அந்த ஓட்டத்துல சேத்த காசுலதான் இப்போ நான் வாழையும் கறிவேப்பிலையும் வெச்சிருக்கிற இந்த நிலத்தை வாங்கினார். அதனால கவுடர் காடு விலை போகுதுன்னா அதுல பாதி எங்க வீட்டுக் கதையும் போற மாதிரி இருந்துச்சு.

மறு வாரம் கிளம்பிட்டேன். மூணு நாள், மூணு ஊர்.

நீங்க சென்னையில இருந்தோ பெங்களூர்ல இருந்தோ ஊட்டிக்குப் போனீங்கன்னா மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஆரம்பிக்குதுன்னு நினைப்பீங்க. உண்மையில வெள்ளைக்காரன் போட்ட முதல் மலைப்பாதை எங்க பக்கத்து சிறுமுகையில இருந்துதான் ஏறுச்சு. இன்னிக்கு சிறுமுகைன்னா கைத்தறிப் பட்டுச்சேலை ஞாபகம் வரும். பாதைக் கதை உள்ளூர்க்காரங்களுக்கே தெரியாது.

1799ல திப்பு சுல்தான் விழுந்ததும் நீலகிரி கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்துச்சு. வந்துச்சே ஒழிய, மேல என்ன இருக்குன்னு கம்பெனிக்கு இருபது வருஷத்துக்கு சரியாத் தெரியாது. அதுக்காக மலை யாருக்குமே தெரியாம கிடந்ததுன்னு அர்த்தம் இல்லைங்க. 1117ஆம் வருஷத்து ஒய்சளர் கல்வெட்டு ஒண்ணு, விஷ்ணுவர்த்தனனோட தளபதி புணிசன் தோதவர்களை மிரட்டி நீலமலையைப் பிடிச்சதைச் சொல்லுது. 1603ல கோழிக்கோட்டுப் பக்கத்துல இருந்து பெனிசியோங்கிற இயேசு சபைப் பாதிரியார் ஏறி வந்து தோதவர்களைப் பார்த்துப் பேசிட்டுப் போயிருக்கார். ஆக, 'சல்லிவன் கண்டுபிடிச்ச மலை'ன்னு நாம படிச்சது, கம்பெனி கணக்குல மட்டும்தான் கண்டுபிடிப்பு.

ஜான் சல்லிவன் அப்போ கோயமுத்தூர் கலெக்டர். 1818ல விஷ், கிண்டர்ஸ்லின்னு ரெண்டு உதவி அதிகாரிங்க மேல போய்ட்டு வந்து, குளிரா இருக்கு, நல்ல சீமைன்னு சொன்னாங்க. 1819 ஜனவரியில சல்லிவனே ஏறினார். அந்த மனுஷனுக்கு மலை பித்தாப் பிடிச்சிருச்சு. சிறுமுகையில இருந்து கோத்தகிரிக்குப் பாதை போட அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கி, சிறைக்கைதிகளை எல்லாம் வேலைக்கு விட்டு 1823 வாக்குல முடிச்சாங்க. குதிரையும் பொதி மாடும் போற அகலம்தான். மலையில வெள்ளைக்காரன் போட்ட முதல் விதைகள் எல்லாம் அந்த வழியாத்தான் ஏறியிருக்கணும். அதுல உருளைக்கிழங்கும் ஒண்ணு.

1830கள்ல குன்னூர் வழி திறந்தாங்க. அவ்வளவுதான், சிறுமுகை வழியை எல்லாரும் மறந்துட்டாங்க. 1873ல மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததும் மறந்தது மறந்ததுதான். ஒரு ஊர் மேல வர்றதுக்கும் கீழ போறதுக்கும் ரோடு எந்தப் பக்கம் திரும்புதுங்கிறது போதும்.

மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறறதுக்கு முன்னாடி மண்டிப் பக்கம் ஒரு நடை போனேன். விடியற்காலையில லாரியெல்லாம் வந்து நின்னிருந்துச்சு. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கிழங்கு. என்னோட சின்ன வயசுல இந்த இடம் முழுக்க கிழங்கு வாசம்தான். ஈரச்சாக்கு, சிவப்பு மண், அழுகின கிழங்கு மூணும் கலந்த ஒரு வாசம். அப்பா சட்டையிலயும் அதேதான்.

மலை விவசாயிக்கு இந்த மண்டி ஒரு காலத்துல சிங்கத்து வாய். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவங்ககிட்டயே கிழங்கைக் கொடுத்தாகணும். விலை அவங்க சொல்றது. எடையும் அவங்க போடறது. மலையில இருந்து ராத்திரியெல்லாம் குளிர்ல வந்தவன் விலை கட்டலைன்னு திருப்பி ஏத்திட்டுப் போக முடியுமா? இதை உடைக்கத்தான் 1930கள்ல நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் வந்துச்சு. முன்னால நின்னவர் ராவ் பகதூர் எச்.பி. அரி கவுடர். படகர்கள்ல முதல் சட்டமன்ற உறுப்பினர். அவரோட அப்பா பெள்ளி கவுடர், ஊட்டி ரயில் பாதை வேலையில கான்ட்ராக்டரா இருந்தவர். அப்பா மலைக்கு ரயில் ஏறறதுக்கு வழி போட்டார், மகன் மலைச் சரக்கு நியாய விலைக்கு இறங்கறதுக்கு வழி போட்டார்னு எங்கப்பா சொல்லுவார். சங்கத்து ஏலத்துல மூட்டை இறக்கின அன்னிக்கு கவுடர் வீட்டுப் பெரியவர் முகம் வேற மாதிரி இருக்கும்னும் சொல்லுவார்.

இப்போ மலைக்குக் காரெடுத்துட்டுப் போறதுன்னா இ-பாஸ் எடுக்கணும். 2024 மே மாசத்துல ஐகோர்ட் சொன்னதுல இருந்து அப்படித்தான். அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். நமக்கு எப்பவும் பஸ்தான். கோத்தகிரி வண்டியில ஜன்னல் சீட்டு கிடைச்சது. பாக்குத் தோப்பெல்லாம் முடிஞ்சு வளைவு ஆரம்பிச்சதும் காது அடைச்சுக்குச்சு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. சல்லிவனுக்கு நாள் கணக்குல ஆச்சாம்.

கோத்தகிரி ஊட்டி மாதிரி இல்லைங்க. கடைவீதி, பஸ் ஸ்டாண்ட், வர்க்கி விக்கிற பேக்கரி, உரக்கடை, டீ ஃபேக்டரி போர்டு, அவ்வளவுதான். ஊர்ப் பேரே கோத்தர்களால வந்தது. கோத்தர்னா கொல்லு வேலை, பானை, தச்சு, வாத்தியம் எல்லாம் தெரிஞ்ச சனம். மலையில ஏழு ஊர்ல இருக்காங்க. அந்த ஊருக்குக் கோக்கால்னு பேர். மலைக்குள்ள காசு வர்றதுக்கு முன்னாடி, தோதவர் எருமை மேய்ச்சு நெய் கொடுப்பாங்க. கோத்தர் கத்தியும் மண்வெட்டியும் பானையும் செய்வாங்க, சாவு வீட்டுக்கு வந்து வாசிப்பாங்க. குறும்பர் தேன், காட்டுச் சரக்கு, மந்திரக் காவல். படகர் ராகி, சாமை. யாருக்கு யார் கொடுக்கறதுன்னு குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையா ஏற்பாடு இருந்துச்சு. இதைப் பத்தி வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்க நிறைய எழுதியிருக்காங்க, ரொம்ப அழகா இருக்கிற மாதிரி. அதுல பயமும் இருந்துச்சு, மேல்கீழும் இருந்துச்சுங்கிறதைக் கவுடரோட அம்மா சொல்லி நான் கேட்டிருக்கேன். குறும்பர் சூனியத்துக்குப் பயந்து சாயங்காலம் விளக்கு வெச்சா வெளிய வரமாட்டாங்களாம். இந்த ஏற்பாடு உடைஞ்சதுக்குப் பெரிய காரணமா கிழங்கைச் சொல்லலாம். சாமையை மாத்திக்கலாம், கிழங்கை விக்கணும். வித்த காசுல இரும்புக்கடை மண்வெட்டி வாங்கிக்கலாம். அப்புறம் கோத்தர் எதுக்கு?

பஸ் ஸ்டாண்டுல கவுடர் நின்னிருந்தார். "வாங்கண்ணா, முதல்ல பங்களாவைப் பார்த்துட்டுப் போயிரலாம். நீங்கதான் பழசுன்னா நிக்கறவராச்சே"ன்னு கன்னேரிமுக்குக்குக் கூட்டிட்டுப் போனார். சல்லிவன் மலையில முதன்முதலாக் கட்டின பங்களா அங்கதான். பெத்தக்கல் பங்களான்னு பேர். ரொம்ப நாள் இடிஞ்சு கிடந்ததை எடுத்துக் கட்டி, நீலகிரி ஆவணக் காப்பகமும் நினைவகமுமா வெச்சிருக்காங்க. சின்னக் கட்டடம்தான். வாசல்ல நின்னு பார்த்தா படகர் அட்டியும் தேயிலையுமா தெரியுது. 1819ல இதே இடத்துல நின்னவனுக்குத் தெரிஞ்சது சாமையும் ராகியும் புல்லும் சோலையும்.

சல்லிவனைப் பத்தி எனக்கு ரெண்டு மனசு. ஒரு பக்கம், இந்த நிலம் தோதவங்களுக்குச் சொந்தம், அவங்களுக்குப் பணம் கொடுக்காம அரசாங்கம் எடுக்கக் கூடாதுன்னு மேல இடத்தோட சண்டை போட்டவர். இன்னொரு பக்கம், ஊட்டியில தோதவங்ககிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினவரும் அவர்தான். வாங்கின இடத்துல கல் பங்களா கட்டி, ஓடையைத் தடுத்து ஏரியாக்கி, தோட்டக்காரனை வெச்சு கிழங்கும் கோஸும் பழமரமும் போட்டார். ஏரி வேலை 1823ல ஆரம்பிச்சது. விவசாயத் தண்ணிக்குன்னுதான் வெட்டினதுன்னு சொல்லுவாங்க. இப்போ அதுல படகு விடறாங்க.

கவுடர் காடு மொத்தம் ஒண்ணரை ஏக்கர். ரோட்டு ஓரமா அரை ஏக்கர் மேக்காடு, சரிவுல இறங்கினா ஒரு ஏக்கர் கீழ்க்காடு, அதுக்கும் கீழ ஒரு சின்ன ஓடை. எல்லாம் தேயிலை. நாங்க போனப்போ ரெண்டு பொம்பளைங்க கொழுந்து பறிச்சுட்டிருந்தாங்க. அதுல ஒரு அக்காவோட பேச்சு வேற தினுசா இருந்துச்சு. விசாரிச்சா, அவங்க அம்மா அட்டன் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவங்களாம். இவங்க கைக்குழந்தையா தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இங்க.

இந்தச் சனத்தைப் பத்தி நாம பேசறதே இல்லை. சல்லிவன் இங்க கிழங்கு நட்ட அதே 1820கள்லதான் இலங்கை மலையில காபித் தோட்டம் ஆரம்பிச்சு, தமிழ்நாட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டுப் போனாங்க. 1869ல காபிக்கு இலைத்துரு நோய் வந்து, சில வருஷத்துல காபியே ஒழிஞ்சு, தேயிலை வந்துச்சு. ஆள் மட்டும் அதே ஆள். சுதந்திரம் கிடைச்சதும் 1948 சட்டத்துல அவங்களை நாடில்லாதவங்க ஆக்கிட்டாங்க. 1964ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரைக் கணக்குப் பிரிச்சாங்க. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு. 1974ல அதையும் ஆளுக்குப் பாதி பங்கு போட்டாங்க. எடை மேடையில மூட்டை பிரிக்கிற மாதிரி. வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968ல நீலகிரியில தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சது, இன்னிக்கு டான்டீன்னு சொல்றோமே, அது.

அந்த அக்காகிட்ட, காடு விக்கப் போறாங்களாமேன்னேன். "அதுங்க சார், வித்தா நாங்க கேரட் கழுவப் போவோம்"னு சொல்லிட்டு அடுத்த செடிக்கு நகந்துட்டாங்க. கையை நிறுத்தவே இல்லை. கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவற மெஷின் நிறைய இருக்கு. விடியுமுன்னே குளிர்ல நிக்கற வேலை.

சாயங்காலம் கீழ்க்காட்டு ஓரத்துல ஒரு பாறை மேல உக்காந்தோம். "இது எல்லாம் கிழங்குக் காடுதானே அண்ணா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"ன்னார். இருக்கு. ஒன்பது பத்து வயசுல அப்பாகூட வண்டியில வந்திருக்கேன். படி படியா வெட்டின காடு, வெள்ளையும் ஊதாவுமா பூ. கிழங்கு தோண்டற நாள்ல அட்டியே திரண்டு வரும். சுட்ட கிழங்கும் உப்பும் கொடுப்பாங்க. கார்போகம், கடைபோகம், தண்ணி இருக்கிற இடத்துல நீர்போகம்னு வருஷத்துக்கு மூணு தடவை மலையில கிழங்கு எடுத்த காலம்.

அப்போவே உள்ள புழு இருந்துச்சு. யாருக்கும் தெரியலை.

1961ல ஜோன்ஸ்ங்கிற இங்கிலாந்து நிபுணர் ஊட்டியில கிழங்குக் காட்டுல செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். கடுகை விடச் சின்னதா, பொன் நிறத்துல உருண்டை உருண்டையா ஒட்டியிருந்துச்சு. நூற்புழுவோட முட்டைக்கூடு. இந்தியாவுல அதுதான் முதல் தடவை. இந்தப் புழுவோட சங்கதியைக் கேட்டீங்கன்னா விவசாயிக்கு வயித்தைக் கலக்கும். பெண் புழு வேர்ல ஒட்டிக்கிட்டு சத்தை உறிஞ்சி உப்பும். செத்ததும் அதோட தோலே கெட்டியாகி கூடாயிரும். ஒரு கூட்டுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை. கிழங்கு போடலைன்னா பொரியாது, சும்மா மண்ணுல கிடக்கும், இருபது வருஷம் கூட. கிழங்குச் செடி வேர் விட்டு, அந்த வேர்ல இருந்து கசியற ரசம் மண்ணுல பட்டதும்தான் முழிச்சுக்கும். அதாவது நீங்க கிழங்கு நடறதுக்குத்தான் அது காத்துட்டிருக்கு.

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவுல ஆண்டீஸ் மலையோட பயிர். ஸ்பெயின்காரங்க கடல் தாண்டிக் கொண்டு வந்தது. இந்தப் புழுவும் அதே ஆண்டீஸ்காரன்தான். விதைக்கிழங்குல ஒட்டின மண்ணோட வந்து சேந்திருக்கு. சின்கோனாவும் அங்கிருந்துதான். 1860ல மார்க்கம் குழு ஆண்டீஸ்ல இருந்து விதையும் நாத்தும் எடுத்து அனுப்ப, மெக்ஐவர்ங்கிற ஊட்டி தாவரவியல் பூங்காக்காரர் தொட்டபெட்டா சரிவுலயும் நடுவட்டத்துலயும் வளர்த்தார். மலேரியாவுக்கு கொய்னா எடுக்க. நடுவட்டம் காடு திருத்தினதுல சீனக் கைதிகளும் உண்டு. கொஞ்ச வருஷம் ஓகோன்னு இருந்துச்சு. அப்புறம் ஜாவாவுல டச்சுக்காரன் நல்ல ரகம் போட்டு சந்தையையே பிடிச்சுட்டான். ஒரே மலையில இருந்து மருந்து, சாப்பாடு, நோய் மூணும் இன்னொரு மலைக்கு வந்திருக்கு பாருங்க.

புழு பரவறதுக்குக் கால் கிடையாது. ஒட்டின மண்ணு, மண்வெட்டி, மழைத் தண்ணி, சாக்கு. சாக்குன்னு கவுடர் சொன்னதும் நான் பேசாம இருந்தேன். மண்டியில காலி பண்ணின சாக்கை எந்தக் காட்டுக்குத் திருப்பி ஏத்தினோம்னு யார் கணக்கு வெச்சா? எங்கப்பா வண்டியிலயும்தான் போயிருக்கும். கவுடர் புரிஞ்சுக்கிட்டு, "அட, அதுக்கு நாம என்ன பண்றது அண்ணா, எல்லா வண்டியிலயும் போச்சு"ன்னார்.

முத்தோரையில 1957லயே கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்திருந்துச்சு. அங்க வேலை பண்ணி, புழுவைத் தாங்கற குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை 1985ல வெளியிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே, 1982ல, கவுடரோட அப்பா கிழங்கை விட்டுட்டார். மூணு போகம் தொடர்ந்து விதைக்கான கிழங்கு கூடத் திரும்பி வரலை. சுத்தியும் தேயிலை போட்டுட்டிருந்தாங்க. மண் அரிப்பு குறையும், பத்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா காசு வரும், சோவியத் ரஷ்யா எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கும். மூணும் அன்னிக்கு உண்மை. அப்பா லாரி ஓட்டறதை நிறுத்தினதும் கிட்டத்தட்ட அப்போதான்.

1991ல சோவியத் ரஷ்யாவே இல்லாமப் போச்சு. கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்ச விலை, 1998, 99ல விழுந்துச்சு. கிலோ பத்து ரூபாய்க்கு மேல போன பச்சை இலை பாதிக்கும் கீழ இறங்குச்சு. அட்டி அட்டியா ரோட்டுக்கு வந்து போராடினாங்க. கவுடர் அந்த வருஷம்தான் கல்யாணத்துக்கு வாங்கின கடனைக் கட்ட எங்ககிட்ட வந்தார். அதுக்கப்புறம் விலை ஏறும், இறங்கும், பழைய நிலைக்கு வரவே இல்லை. "பறிக்கிற கூலிக்கே பாதி போயிருது அண்ணா. காட்டெருமை நிக்குது, கரடி வருது, ஆள் வர மாட்டேங்குது. தம்பி சொல்றதுல தப்பு இல்லை. ஆனா நீங்க ஒருக்கா பேசிப் பாருங்களேன்."

இதுக்குத்தான் கூப்பிட்டிருக்கார்னு அப்போதான் எனக்கு விளங்குச்சு.

பேச்சோட பேச்சா நான் ஒண்ணு கேட்டேன். "ஏனுங் கவுடரே, தேயிலை போட்டு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே, புழு இன்னும் மண்ணுக்குள்ள உசுரோடவா இருக்கும்?" அவர் என்னைப் பார்த்தார். எந்திரிச்சுப் போய் மண்வெட்டி எடுத்துட்டு வந்தார். கீழ்க்காட்டுல பத்துப் பன்னெண்டு இடத்துல, ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, ஒரு பிளாஸ்டிக் கவர்ல கட்டினோம்.

மறுநாள் காலையில ஊட்டி பஸ். கவர் என் மடியில. கவுடரோட தம்பி ஊட்டியில வேலையில இருக்கார், வீடும் அங்கதான். போற வழியில மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்துச்சு. ஊட்டியைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது, உங்களுக்கே தெரியும். ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு மட்டும் போனேன். 1829ல அடிக்கல் நாட்டினது. உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட லால்மஹால் அரண்மனையை இடிச்சு எடுத்து வந்த மரம். பின்னாடி கல்லறைத் தோட்டத்துல சல்லிவனோட மனைவியும் மகளும் இருக்காங்க. அவர் 1841ல ஊருக்குக் கிளம்பிட்டார். அவ்வளவு ஆசையா வாங்கின நிலம் எதுவும் கூடப் போகலை.

தம்பி நல்ல மனுஷர். காபி கொடுத்துட்டு நேராவே பேசினார். "அண்ணா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்க தாத்தா சாமை போட்டாங்க, அப்பா கிழங்கு போட்டாங்க, அண்ணன் டீ வெச்சிருக்கார். ஒவ்வொண்ணும் யாரோ வந்து இதைப் போடுன்னு சொன்னதுதான். இப்போ ஒருத்தர் வந்து காட்டேஜ் போடுன்னு சொல்றார். அது மட்டும் என்ன தப்பு? என் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துல காலேஜ்."

எனக்கு டக்குனு பதில் வரலை. வரலாற்றை அவர் என்னை விட நல்லாப் பிடிச்சிருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சாமையை எடுத்துட்டுக் கிழங்கு வெச்சாங்க, கிழங்கை எடுத்துட்டு டீ வெச்சாங்க. கான்கிரீட்டை எடுத்துட்டு எதை வெக்கறதுங்க?"ன்னேன். அவர் சிரிச்சார். கோபம் இல்லை. "அண்ணனுக்காகப் பேசறீங்க"ன்னார். ஆமான்னேன். எனக்காகவும்தான்னு சொல்லலை.

அப்புறம் கணக்குப் பேசினோம். ரோட்டு ஓரத்து அரை ஏக்கருக்குத்தான் வந்தவங்க நல்ல விலை சொல்றாங்க. கீழ்க்காட்டுக்கு வண்டி இறங்காது, அதைச் சேர்த்துக் கேக்கறதே ஓடைக்காகத்தான். மேக்காட்டை மட்டும் கொடுத்தா பொண்ணு படிப்புக்கு ஆகும். கீழ்க்காட்டை அண்ணன் பேர்ல விட்டுட்டு, தம்பி பங்குக்கு வருஷாவருஷம் ஒரு தொகைன்னு வெச்சுக்கலாம். தம்பி சம்மதம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. மண்ணு ரிசல்ட் வரட்டும்னார்.

மூணாம் நாள் மலை ரயில்ல இறங்கலாம்னு பார்த்தா டிக்கெட் கிடைக்கலை. குன்னூர் வழியா பஸ்தான். குன்னூர்ல தேயிலை ஏலம் 1963ல இருந்து நடக்குது. கவுடர் காட்டு இலையெல்லாம் தூளாகி விலை படறது அங்கதான். பர்லியார் இறக்கத்துல ரயில் பாலம் கண்ணுக்குத் தெரிஞ்சது. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் வந்த லைன். சுவிட்சர்லாந்து முறையில நடுவுல பல் வெச்ச தண்டவாளம். 16 சுரங்கம். 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. டூரிஸ்டுக்காரங்க கையசைச்சாங்க, நானும் அசைச்சேன்.

பதினெட்டு நாள் கழிச்சு கவுடர் போன் பண்ணினார். "அண்ணா, கூடு இருக்காம். ஆனா எல்லாம் காலிக் கூடாம். உள்ள முட்டை ஒண்ணும் இல்லைங்கிறாங்க. இன்னொருக்கா மண் எடுத்துப் பார்த்துட்டு, புழு தாங்கற ரகமாவே வெச்சு, ஒரே காட்டுல திருப்பித் திருப்பிப் போடாம, கோஸு, பூண்டு, கேரட்னு மாத்தி மாத்திப் போடுங்கன்னாங்க."

தம்பி என்ன சொன்னார்னு கேட்டேன்.

"மேக்காடு தை மாசம் ரெஜிஸ்டர். கீழ்க்காட்டைப் பத்தி ஒண்ணும் பேசலை. ஆனா நேத்து ஞாயித்துக்கிழமை வந்தான், ஓடைப் பக்கத்துல நாலு வரிசைத் தேயிலையை ரெண்டு பேருமா வேரோட பிடுங்கிட்டோம். சித்திரையில நடலாம். சாக்கு மட்டும் புதுசா வாங்கிரணும் அண்ணா, நீங்க வரும்போது மேட்டுப்பாளையத்துல ஒரு கட்டு வாங்கிட்டு வந்துருங்க."

வாங்கி வெச்சிருக்கேன். கட்டு இன்னும் பிரிக்காம திண்ணையிலதான் கிடக்குது.